பக்கத்துக் கட்டிலுக்கு வந்த வெற்றிலை

குனிந்து செருப்பு மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவர்களை, பேருந்தில் நின்றபடியே தூங்குகிறவர்களை, தும்மிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவர்களை எல்லாம் அப்படித்தான் பார்ப்பேன். எனக்குத் தும்மல் வந்தால் முதலில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் ஆரம்பித்து இடது கால் சுண்டுவிரல் வரைக்கும் சூடான கம்பியை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் வலி போன கதை என்று நினைத்து இதைப் படிக்க வேண்டாம். வலிக்காக நான் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை போன கதை இது. நடுவில் அஞ்சலை வருவாள். அவளைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

என் பெயர் கன்னியம்மாள். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. ஓட்டல் மெத்தை நம் வீட்டு மெத்தை மாதிரி இருக்காது, பிணக் கனம் கனக்கும். ஒரு கையால் மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் விரிப்பை உள்ளே செருக வேண்டும், சுருக்கம் தெரியக்கூடாது. அப்படித் தூக்கும்போதுதான் ஒருநாள் இடுப்பில் ஏதோ சடக்கென்றது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். முதுகெலும்பில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்து மெத்தென்று ஒரு தட்டு இருக்கிறதாம், அது வெளியே தள்ளி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறதாம். ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது, செய்யாமலே பலருக்கு அடங்கிவிடும் என்றார்கள். எனக்கு அடங்கவில்லை.

அப்போது ஒரு மருத்துவர் பத்து நாளைக்கு என்று எழுதிக்கொடுத்ததுதான் அந்த மாத்திரை. பாதி பச்சை, பாதி மஞ்சள். முதல் மாத்திரை போட்ட சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வலி இருந்தது, ஆனால் அது வேறு யாருக்கோ இருந்தது. அன்றைக்கு நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாட்டுப் பாடினேனாம், வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுவார். பத்து நாள் முடிந்தது. நான் முடித்துக்கொள்ளவில்லை. பழைய சீட்டைக் காட்டி வாங்கினேன், அப்புறம் சீட்டு இல்லாமலும் வாங்கினேன். காலையில் ஒன்று என்பது காலையும் மாலையும் ஆயிற்று, பிறகு வேலைக்கு நடுவில் கழிப்பறைக்குப் போய் ஒன்று என்றும் ஆயிற்று.

போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது யாரும் எனக்குச் சொல்லாதது. கொட்டாவி கொட்டாவியாக வரும். மூக்கு ஒழுகும். வயிற்றைக் கலக்கும். குளிரும், உடனே வியர்க்கும். கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் உதைத்துக்கொண்டே இருக்கும். நான் அதைச் சளிக் காய்ச்சல் என்று நினைத்தேன், சில சமயம் வலி முற்றிவிட்டது என்று நினைத்தேன். ஒரு மாத்திரை போட்டதும் எல்லாம் நின்றுவிடும். அதனால் மாத்திரைமேல் எனக்கு இன்னும் அன்பு கூடியது.

அந்த அன்பு என்னை ஓட்டலின் துணி அறையில் கீழே தள்ளியது. துண்டு மடித்துக்கொண்டிருந்தபோது வலது கை விரல்கள் தாமாகத் துள்ளின. என்னடா இது என்று பார்த்தேன். அதற்குமேல் நினைவில்லை. கண் விழித்தபோது உதடு கிழிந்திருந்தது, கூட வேலை செய்கிறவள் என் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தாள். வலிப்பு வந்ததாகச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் தேசிங்கு, சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறார். செய்தி கேட்டு அந்த வண்டியிலேயே வந்து என்னைச் செங்கல்பட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே காத்திருக்கும் கூடம் என்று ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து நான் பட்ட பொறாமையை எழுத இந்தத் தாள் போதாது. கையில் மாவுக்கட்டு போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் அரை மணி நேரமாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. என் வலி வெளியே தெரியவில்லை. அவளுக்கு ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடுவார்கள். எனக்கும் ஒரு மாவுக்கட்டு போட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது.

சோதனைகள் நடந்தன. தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டி, மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாக எழுதிப் பார்த்தார்கள். பசை தலையை விட்டுப் போக மூன்று முறை குளிக்க வேண்டியிருந்தது. பிறகு குழாய் மாதிரியான ஸ்கேன் எந்திரத்துக்குள் தள்ளினார்கள், உள்ளே யாரோ தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள். கட்டி கிட்டி என்று சொல்லிவிடுவார்களோ என்று தேசிங்கு வெளியே நின்று சட்டைப் பட்டனைத் திருகித் திருகிப் பிய்த்தே விட்டார். கட்டி இல்லை. வலி மருத்துவத்துக்கென்றே இருந்த ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போடறீங்க?"

நான் குறைத்துச் சொன்னேன். தேசிங்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்ன குறைந்த கணக்கே அவருக்குப் புதிது.

"இதுக்குப் பேர் டிரமடால். அபின் வகையைச் சேர்ந்த மருந்து. உடம்பு இதுக்குப் பழகிடும். பழகினப்புறம் கொஞ்சம் கொறைஞ்சாலும் உடம்பு கேட்கும். அது கேட்கறதையும் நீங்க வலின்னு நெனச்சு இன்னொண்ணு போடுவீங்க. அளவு கூடினா வலிப்பு வரும். வந்திருக்கு."

"நான் இன்னா குடிக்கிறவளா டாக்டர்?" என்றேன். கோபம் வந்துவிட்டது.

"இல்லம்மா. உங்கமேல தப்பு சொல்லல. ஒரேயடியா நிறுத்தினா உடம்பு தாங்காது. உள்ள படுக்க வச்சு, கொஞ்சம் கொஞ்சமா கொறைப்போம். நரம்பு வலிக்கு வேற மாத்திரை தரேன், பயிற்சி சொல்லித்தரேன்."

"அப்ப வலி பூடுமா?"

"முழுசா போகாது. அதோட இருந்துக்கலாம்ங்கற அளவுக்குக் கொறையும்."

முழுசாகப் போகாது என்று ஒருவர் நேருக்கு நேர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அந்த டாக்டரைப் பார்த்தேன். சாய்மானமே இல்லாத ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் காலியாக இருக்கும் என்று நினைத்தேன். அதில்தான் அஞ்சலை இருந்தாள். எனக்கு அதற்கடுத்த கட்டில்.

அஞ்சலை புதுப்பட்டினம் பக்கத்துக் குப்பத்துக்காரி. மீன் கூடையைத் தலையில் வைத்து வீதி வீதியாக விற்றுக் கழுத்தெலும்பு தேய்ந்துபோனவள். கழுத்திலிருந்து தோள்பட்டை வழியாக விரல் வரை அவளுக்கு வலி. கையைத் தோளுக்குமேல் தூக்க முடியாது. விழுங்கியதோ அதே பச்சை மஞ்சள் மாத்திரை. அவளுக்கும் குறைக்கும் வைத்தியம்தான். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் வேண்டுமென்றே அக்கம்பக்கத்தில் போட்டார். "ஒருத்தருக்கொருத்தர் துணையா இருப்பீங்க" என்றார். நல்ல துணை.

மாத்திரையெல்லாம் ரோஸ்லின் சிஸ்டர் கையில்தான். காலையும் மாலையும் அவர்களே வந்து வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து எனக்கு எல்லாம் ஆரம்பித்தது. வியர்வை, கொட்டாவி, வயிற்றுப்போக்கு. கால் உதைத்த உதையில் கட்டிலின் தகரம் சத்தம் போட்டது. நான் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அஞ்சலை பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உண்மையாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குறைத்த மாதிரிதான் அவளுக்கும் குறைத்தார்கள், என்னைவிட ஒருபடி அதிகமாகவே. அவள் எழுந்து உட்கார்ந்து எதிர்க் கட்டில்காரியிடம் சுறாப்புட்டுக்கு எந்தச் சுறா வாங்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, "அஞ்சலையம்மா பாருங்க, எவ்ளோ தைரியமா இருக்காங்க" என்பார். என்னிடம், "நீங்களும் மனசைத் தளரவிடாதீங்க" என்பார். நான் தலையாட்டுவேன். அவள் தலையில் இருந்த பூவைப் பிய்த்துப் போடலாம் போல இருக்கும்.

பூ எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? குப்பத்திலிருந்து. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு கொண்டுவருவது அவர்கள் வழக்கம். இன்று ஒரு வீடு என்றால் நாளை அடுத்த வீடு. மதியம் பார்வையாளர் நேரம் மணி அடித்தால் போதும், முறைக்காரி தூக்கோடு வந்துவிடுவாள். சோறு, குழம்பு, வறுத்த மீன். சாப்பிட்டதும் வந்தவளே அஞ்சலைக்குத் தலை வாரிக் கொண்டை போட்டுப் பூ வைப்பாள், அவளால் கையைத் தூக்க முடியாதல்லவா. கடைசியில் மடியிலிருந்து மடித்த வெற்றிலை ஒன்றை எடுத்து வாயில் கொடுப்பாள். சோறு கொடுத்தவள் கையால் வெற்றிலை போட்டால்தான் சாப்பாடு முடிந்ததாக அர்த்தமாம். வார்டில் வெற்றிலை கூடாதுதான். "துப்பி வச்சீங்கன்னா பாருங்க" என்று ரோஸ்லின் சிஸ்டர் மிரட்டுவதோடு சரி. அஞ்சலை துப்பமாட்டாள், சாற்றை விழுங்கிவிடுவாள்.

எனக்கு யார் வருவார்கள்? என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். ஓட்டலில் லீவு கிடைக்காது, என் பிறந்த வீடோ தூரம். பார்சல் இட்லியோடு ஓடிவருவார், உட்காரக் கூட நேரமிருக்காது. அந்த அஞ்சலையோ, "அண்ணாத்த, இந்தா, வஞ்சிரம் ஒரு துண்டு சாப்புடு, வெறும் இட்லி துன்னா வண்டி எப்டி ஓட்டுவ" என்று நீட்டுவாள். இவரும் வாங்கிச் சாப்பிட்டு, "இன்னாமே கொயம்பு இது, இந்த மாதிரி நான் துன்னதே இல்ல" என்பார். கட்டின பெண்டாட்டி கட்டிலில் கால் உதைத்துக்கொண்டு கிடக்கிறாள்.

"வாங்க இங்க" என்றேன்.

"இன்னாமே?"

"நான் வச்ச கொயம்பு இத்தினி வருசமா எப்டி கீது?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என் காலைப் பிடிக்க உட்கார்ந்தார்.

அதையும் சொல்லத்தான் வேண்டும். கால் உதைக்கும்போது அவர் தன் முழு எடையையும் போட்டு இரண்டு பாதத்தையும் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அப்போது மட்டும் கொஞ்சம் நிற்கும். பயிற்சி சொல்லித்தருகிறவர் வந்து, குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கு, முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கு என்று சொன்னதை இவரும் மனப்பாடம் செய்தார். நான் மாட்டேன் என்று சொன்ன நாளில் வராந்தாவில் துண்டு விரித்து அவரே படுத்துச் செய்து காட்டினார், போகிற வருகிறவர்கள் எல்லாம் தாண்டிக்கொண்டு போனார்கள். வண்டி ஓட்டும்போது தன் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் குஷனைக் கழற்றி எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஜிப் வைத்த நீலக் குஷன். சிறுசேரிக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் அவர் முதுகு என்ன பாடுபட்டதோ, சொல்லவே இல்லை. மருத்துவச் செலவுக்காகக் கூடுதல் ஷிப்ட் வேறு ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியும் என் கண் ஜன்னலோரக் கட்டிலில்தான் இருந்தது. காற்றாடி அவள் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சிஸ்டரிடம் புகார் சொன்னேன். மீன் வாடை குமட்டுகிறது என்றேன். அவள் ஆட்கள் சத்தமாகப் பேசுகிறார்கள் என்றேன். ரோஸ்லின் சிஸ்டர் ஒவ்வொரு தடவையும், "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் போய்விடுவார்கள்.

பிறகு ஒரு மதியம், வந்தவள் போனபிறகு, அஞ்சலையே என் கட்டிலோரம் வந்து நின்றாள். எனக்கு அப்போது குளிர் எடுத்துப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

"கன்னி, நீ படுற பாட்ட பாக்க சகிக்கல. இந்தா, வெத்தல போடு."

"எனக்குப் பயக்கம் இல்லக்கா."

"பிரிச்சிப் பாரு."

பிரித்தேன். பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் பாதி பச்சை, பாதி மஞ்சள்.

அவள் என் பக்கமாகக் குனிந்து குசுகுசுவென்று சொன்னாள். அவள் வீட்டுப் பரண்மேல் ஒரு டப்பாவில் மாத்திரை இருக்கிறது. முறைக்கு வருகிறவளிடம் மட்டும் சொல்லிவைப்பாள்: டாக்டர் மருந்தைக் குறைத்து வதைக்கிறார்கள், ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு வா, உன்னை நம்பித்தான் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லாதே என்று.

"ஒருத்திக்குத் தெரியாம ஒருத்தி கொண்ணாந்து குடுக்கறாளுங்க. ஒவ்வொருத்தியும் தான் மட்டுந்தான் குடுக்கறோம்னு நெனச்சிகினு கீறா. ஒரு நாளைக்கு ஒண்ணு. பேஜாரே இல்ல. இன்னிக்கு வாயில போடாம கைல வாங்கி வச்சிகினேன், நீ வச்சிக்கோ."

எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நான் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்ததெல்லாம் இவளுக்கு டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கத்தானா? ஆனால் அந்தக் கோபத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது, அதுதான் பெரிதாக இருந்தது. எனக்காகப் பரண்மேல் ஏறி மாத்திரை எடுத்துவர ஊரில் ஒருத்தியும் இல்லையே. இவளுக்கு ஒரு குப்பமே இருக்கிறது.

வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தேனா? இல்லை. போட்டுக்கொண்டேனா? அதுவும் இல்லை. தேசிங்கு வருகிற காலடிச் சத்தம் கேட்டதும் அதை மடித்துக் குஷனின் ஜிப்பைத் திறந்து உள்ளே போட்டுவிட்டேன். ரொம்ப முடியாமல் போனால் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் முழுக்க அந்தக் குஷன்மேல் சாய்ந்துதான் கிடந்தேன். அது முதுகில் உறுத்தவே இல்லை, ஆனாலும் இருக்கிற இடம் சரியாகத் தெரிந்தது. மருந்து இருக்கிறது என்ற நினைப்பிலேயே எனக்குக் குளிர் கொஞ்சம் அடங்கியது.

மறுநாள் கடல் கொந்தளிப்பு, யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். படகு போகாவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் பெண்களுக்கு வேலை இல்லை. மதிய மணி அடித்ததும் ஒரு ஷேர் ஆட்டோ நிறைய வந்து இறங்கினார்கள். முறை யாருடையதோ, இத்தனை நாளும் மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்த நான்கு வீட்டுக்காரிகளும் சேர்ந்தே வந்திருந்தார்கள். அஞ்சலையின் கட்டிலைச் சுற்றி ஒரே சிரிப்பு. ஒருத்தி சோறு பிசைந்தாள், ஒருத்தி தலை வாரினாள். எனக்கு வழக்கம்போல எரிந்தது.

சாப்பாடு முடிந்தது. அவளுடைய கொழுந்தன் மனைவி சின்னப்பொண்ணு மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அவள் வாயில் கொடுத்தாள், கொடுக்கும்போது கண்ணால் ஒரு ஜாடை. அஞ்சலை மென்றாள். உடனே அடுத்தவளும் மடிக்குள் கையை விட்டாள், அவளும் அதே ஜாடை. பிறகு மூன்றாமவள்.

அஞ்சலையின் முகம் மாறியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. மூன்றாவது வெற்றிலையை வாங்கித் தலையணைக்கு அடியில் வைக்கப் போனாள்.

"அவங்க குடுத்தத போட்டுகின, என் கையால குடுத்தா ஆவாதா?" என்றாள் கொடுத்தவள், முகம் சிறுத்துப்போய்.

எப்படிச் சொல்வாள்? ஒருத்தியிடம் சொன்னால் மற்ற மூன்று பேருக்கும் தெரிந்துவிடும். உன்னை மட்டும்தான் நம்பினேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாளே. போட்டுக்கொண்டாள். நான்காவதையும் போட்டுக்கொண்டாள். நான்கு பேரும் அவள் மென்று விழுங்கும்வரை பிரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிறகு ஆட்டோ காத்திருக்கிறது என்று கிளம்பிப் போனார்கள்.

என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? இவளுக்கு நாலா, என்பதுதான்.

கொஞ்ச நேரத்தில் அவள் மூக்கைச் சொறிய ஆரம்பித்தாள். மாத்திரை அதிகமானால் எனக்கும் அப்படித்தான் மூக்கு அரிக்கும். கண் சொருகியது. பிறகு போர்வைமேல் கிடந்த அவளுடைய வலது கை விரல்கள் தாமாகத் துள்ளின. துணி அறையில் நான் விழுவதற்கு முன்னால் என் விரல்கள் துள்ளியது அப்படியேதான்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் மேஜைக்குப் போனேன். தேசிங்கு அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"சிஸ்டர், அஞ்சலக்காவ பாருங்க. அவங்க ஆளுங்க வெத்தலைல அந்த மாத்திரைய வச்சிக் குடுத்துட்டாங்க. நாலு."

ரோஸ்லின் சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "காத்தாடி, வாடை, சத்தம்... இப்போ இது. அந்தம்மா மேல உங்களுக்கு ஏன்மா இவ்ளோ பொறாமை? அவங்க தூங்கறாங்க. பாத்துட்டுதான் வந்தேன்."

தேசிங்கு என் தோளைத் தொட்டு, "உடுமே, வா, படுத்துக்கோ" என்றார்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இத்தனை நாளும் நான் அப்படித்தான் நடந்துகொண்டேன். நம்ப வைக்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டால் எனக்கு ஒன்றும் இருக்காது. இன்று மாலை இல்லை, நாளை இல்லை, ரொம்ப முடியாமல் போனாலும் இல்லை. அதோடு வீட்டுக்காரர் எதிரிலேயே நின்றுகொண்டிருக்கிறார். நான் அந்த மேஜைமுன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ரொம்ப நேரம் நின்ற மாதிரி இருந்தது, மற்றவர்களுக்கு ஒரு மூச்சு விடுகிற நேரமாகத்தான் இருந்திருக்கும்.

"அந்தக் குஷன எடுத்தாங்க" என்றேன் தேசிங்கிடம்.

கொண்டுவந்தார். நான் ஜிப்பைத் திறந்து வெற்றிலையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வாடியிருந்தது. சிஸ்டர் பிரித்துப் பார்த்தார்கள். அடுத்த நொடி நாற்காலி பின்னால் விழுந்தது, சிஸ்டர் ஓடினார்கள்.

டாக்டர் வந்தார். கட்டிலின் இரண்டு பக்கத் தடுப்பையும் தூக்கிவிட்டு, கையில் ஊசி போட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைக்கும்போதே அஞ்சலைக்கு வலிப்பு வந்துவிட்டது. எல்லாம் தயாராக இருந்ததால் சீக்கிரம் அடங்கியது. உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நரம்பு வலிக்குக் கொடுத்திருந்த புது மாத்திரையும் இந்த மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு இன்னும் கூடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் தூங்குகிறாள் என்றே விட்டிருப்பார்கள்.

தேசிங்கு என் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். குஷன் அவர் மடியில் இருந்தது. ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

"என் குஷன்லயா வச்ச?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நான் அழுதேன். அவர் வெளியே போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார். குடித்து முடித்ததும் குஷனைத் தட்டி என் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் காலைப் பிடிக்க உட்கார்ந்தார்.

பெரிய காரியம் செய்தீர்கள் என்றார் டாக்டர். ரோஸ்லின் சிஸ்டர் மன்னிப்புக் கேட்டார்கள். நான் எதற்காகச் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். பயம்தான் பாதி. அவள் செத்துவிடுவாள் என்ற பயம். மீதிப் பாதி, நான் இவ்வளவு கஷ்டப்பட்டு வரும் வழியில் அவள் சிரித்துக்கொண்டே வரக்கூடாது என்பது. நாளெல்லாம் பொறாமையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அந்த விரல் என் கண்ணில் பட்டது, அதுவும் நிஜம்.

அஞ்சலை திரும்பி வார்டுக்கு வந்தபோது என்னுடன் பேசவில்லை. ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குப்பத்துக்காரிகள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லவேண்டாம். முறைச்சோறு நிற்கவில்லை, ஆனால் வெற்றிலை நின்றுவிட்டது. பரண்மேல் இருந்த டப்பாவைச் சின்னப்பொண்ணே கொண்டுவந்து டாக்டரிடம் கொடுத்தாள். நான்கு பேரும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்களாம், என்னிடம் மட்டும்தான் சொன்னாள் என்று நினைத்தேனே என்று.

இப்போது அஞ்சலைக்கு எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது. வியர்வை, கொட்டாவி, கால் உதைப்பு. எனக்கு அதெல்லாம் தணிந்துகொண்டிருந்தது, நான் அவளுக்கு முன்னால் இருந்தேன். ஆஸ்பத்திரியில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு நாள்தான், எழுதிவிடுகிறேன். மூன்றாம் நாள் அவள் போர்வையைக் கடிப்பதைப் பார்த்தேன். என் வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டுபோய் அவள் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்தேன். அவள் பையைக் காலால் இழுத்து இடுக்கிக்கொண்டாள்.

"காலப் புடிச்சா கொஞ்சம் நிக்கும்" என்றேன். "பக்கத்துல நின்னுகினு கீறாரே, எங்க வூட்டுக்காரரு. புடிக்கச் சொல்லட்டா?"

"உன் புருசன் உனக்கே பத்தல" என்றாள். வலிப்புக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு அவள் காலைப் பிடித்தது நான்தான், நின்றுகொண்டு, கட்டில் கம்பியில் சாய்ந்து.

என்னை முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள், அவளைப் பின்னால். ஓட்டலில் இப்போது மெத்தை தூக்குவதில்லை, துணிக் கணக்குப் பார்க்கிறேன். பயிற்சியைத் தினமும் தேசிங்கும் நானும் சேர்ந்தே செய்கிறோம். சில நாட்களில் வலி எழுந்திருக்க விடாது. அன்றைக்கு அந்தப் பச்சை மஞ்சள் ஞாபகம் வரும், வராது என்று பொய் சொல்ல மாட்டேன். வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, அது போகும்வரை தேசிங்கைத் திட்டிக்கொண்டிருப்பேன். அவர் அதற்குப் பழகிவிட்டார்.

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போயிருந்தேன். அதே காத்திருக்கும் கூடம். அஞ்சலையும் வந்திருந்தாள், தனியாக. பெஞ்சில் இடம் இல்லை. அவள் சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள். உள்ளங்கையில் விரித்து எனக்குக் காட்டினாள். திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டினாள். பாக்கைப் பிட்டுக் காட்டினாள்.

"பாத்துக்கோ. ஒண்ணும் இல்ல."

"சரி, குடு."

மடித்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் வெற்றிலை, காரம் தலைக்கேறியது. அவள் சிரித்துவிட்டு, கையை எங்கேயும் ஊன்றாமல் எழுந்து நின்றாள்.

"உன்ன மாதிரி தரைல குந்தி எய்ந்திருக்க எனக்கு ஒரு நாள் முடிஞ்சா போதும்கா" என்றேன். "வவுறு எரியுது எனக்கு."

"உனக்கு மட்டுமா எரியுது?" என்றாள். "ஆஸ்பத்திரில தெனம் காத்தால நீ கட்டில்ல குந்திகினு, ரெண்டு கையயும் தூக்கி, நீயே தல வாரி கொண்ட போட்டுக்குவ. நான் போர்வைக்குள்ள இருந்து பாத்துகினு கெடப்பேன். மெய்யாலுமே சொல்றேன், உன் கைய ஒடிக்கலாம் போல இருக்கும். என் தலைய தொட இன்னமும் ஒருத்தி வரணும்."

இத்தனை நாளும் இது எனக்குத் தெரியாது. நான் கொண்டையை அவிழ்த்தேன். அவள் எதிரில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் நன்றாகத் தூக்கி, அவசரப்படாமல் மறுபடியும் போட்டுக்கொண்டேன். பிறகு அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி அவளுக்கும் போட்டுவிட்டேன்.